பார்க்கின்சனும் அல்சைமரும் ஒரே நோயா? நரம்பு செல்லுக்குள் நடப்பது என்ன?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பாவுக்கு 66 வயது. கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வந்து, கோயம்புத்தூரில் காட்டியபோது பார்க்கின்சன் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா இருபது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தவர். அண்ணனும் இப்போது அதே வேலையில் இருக்கிறார். அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. "ரெண்டுமே நரம்பு செல் அழியிற வியாதிதான்னு டாக்டர் சொன்னாங்க. அப்படின்னா ரெண்டும் ஒண்ணா? ஒண்ணுன்னா ஏன் ஒரே மருந்து இல்லை? மருந்து அடிச்சதுனாலதான் அப்பாவுக்கு வந்துச்சா? எனக்கும் வருமா?" என்று கேட்கிறார்.

நான் நரம்பியல் மருத்துவர் அல்ல. மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். அப்பாவின் மாத்திரை, அதன் அளவு பற்றியெல்லாம் அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் முடிவு. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே நோய் அல்ல. தொடங்கும் இடம் வேறு, சேரும் புரதம் வேறு, முதலில் பாதிக்கப்படும் செல்கள் வேறு. ஆனால் பாதிப்பு தொடங்கிய பிறகு ஒரு நரம்பு செல் நலிந்து சாகும் விதத்தைப் பார்த்தால், இரண்டிலும் பெரும்பாலும் அதே வழிகள்தான். ஏ.எல்.எஸ். என்கிற இயக்க நரம்பு நோயிலும், ஹண்டிங்டன் என்கிற பரம்பரை மூளை நோயிலும்கூட அப்படித்தான். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. இந்த நோய்களில் நரம்பு செல் ஒரேயடியாகச் சாவதில்லை. பல வருடம் உயிரோடு, ஆனால் வேலை செய்ய முடியாமல் கிடக்கிறது. தன் கடைக்கோடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறது. அந்த நடுக்காலத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் நான்கு கேள்விகளுக்கும் வழி தெரியும்.

முதலில் வேற்றுமைகளைச் சொல்லிவிடுகிறேன். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய நோயில், மூளைத்தண்டின் மேல்பகுதியில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பட்டையில், டோபமைன் என்ற செய்தி வேதிப்பொருளைத் தயாரிக்கும் செல்கள் அழிகின்றன. அவற்றுக்குள் ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் உருண்டையாகத் திரள்கிறது. 1906-ல் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த நோயில், செல்களுக்கு வெளியே அமைலாய்டு பீட்டா படிகிறது, உள்ளே டவ் என்ற புரதம் முறுக்கிக்கொள்கிறது. நினைவைப் பதியவைக்கும் பகுதியும் அதை ஒட்டிய புறணியும் (மூளையின் வெளியடுக்கு) முதலில் அடிபடுகின்றன. ஏ.எல்.எஸ். நோயில் தசைகளை இயக்கும் செல்கள் அழிகின்றன. அங்கே பெரும்பாலானோரிடம் டிடிபி-43 என்ற புரதம் செல்லின் கருவை விட்டு வெளியே வந்து திரள்கிறது. ஹண்டிங்டனில் ஒரே ஒரு மரபணுவில் டிஎன்ஏவின் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதால் ஹண்டிங்டின் புரதம் கெடுகிறது.

பாடப்புத்தகத்தில் இப்படித் தனித்தனி அத்தியாயமாக இருக்கும். வயதானவர்களின் மூளையை இறந்தபின் ஆராய்ந்தால் கோடுகள் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. அல்சைமர் மூளையில் சைனியூக்ளின் உருண்டைகளும் டிடிபி-43 திரள்களும் அடிக்கடி சேர்ந்தே கிடைக்கின்றன. அதனால்தான் புரதத்தை மட்டும் பார்க்காமல் செல்லைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உடம்பின் மற்ற செல்களிலிருந்து நரம்பு செல் மூன்று விஷயத்தில் மாறுபட்டது. அது பிரிந்து புதிதாகப் பெருகுவதில்லை; தோலும் குடலும் தங்கள் பழைய செல்லை உதிர்த்துவிட்டுப் புதிதைப் போட்டுக்கொள்ளும், இதனால் முடியாது. மனித மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் பெரும்பாலானவை நம்மோடு பிறந்து நம்மோடு போகிறவை. இரண்டாவது, அதன் பசி. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் எடுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது, அதன் நீளம். இந்த நீளத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் பாதத்தை அசைக்கும் நரம்பு செல்லின் உடல் இடுப்புக்கு மேலே, முதுகுத்தண்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஆக்சான் என்ற ஒற்றை இழை கால்வரை வருகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர். புரதங்களில் பெரும்பங்கு மேலே செல் உடலில்தான் தயாராகிறது. கீழே, நுனியில் வேண்டியதை எல்லாம் அங்கிருந்துதான் அனுப்ப வேண்டும். இழைக்குள் நுண்குழல்கள் தண்டவாளம்போல் ஓடுகின்றன. கைனெசின் என்ற புரதம் சரக்கை நுனிப் பக்கம் இழுத்துப் போகிறது. டைனீன் என்ற புரதம் நுனியிலிருந்து கழிவையும் செய்தியையும் செல் உடலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர் போகும். அதாவது பாதத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள். இழையின் எலும்புக்கூடு போன்ற புரதங்களோ ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் நகரும். அவை பாதம் வந்து சேர வருடக்கணக்கு ஆகும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் என்ன ஆகிறது? கீழிருந்து அரிசியும் கேஸ் சிலிண்டரும் வருவதில்லை. அதே நேரம் மேலே அறுத்து மூட்டை கட்டிய கேரட்டும் முட்டைக்கோசும் லாரியிலேயே அழுகுகின்றன. ஒரே அடைப்பு, இரண்டு பக்கமும் நஷ்டம். 2009 நவம்பரில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த அந்தப் பெருமழையில் இங்கே இருந்தவர்களுக்குச் சாலை அறுந்த ஊர் எப்படி இருக்கும் என்று தெரியும். நமக்காவது கோத்தகிரி வழியாக இன்னொரு சாலை உண்டு. ஆக்சானுக்கு மாற்று வழி கிடையாது. உள்ளே அடைப்பு விழுந்தால், செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா நுனிக்குப் போய்ச் சேராது, நுனியில் சேர்ந்த பழுதான சரக்கும் திரும்பி வராது.

இந்த நோய்கள் பலவற்றிலும் இந்தப் போக்குவரத்து சீக்கிரமே பாதிக்கப்படுகிறது. அல்சைமரில் முறுக்கிக்கொள்ளும் டவ் புரதத்தின் இயல்பான வேலையே நுண்குழல்களோடு ஒட்டியிருந்து அவற்றைப் பேணுவதுதான். அது கழன்று போனால் தண்டவாளம் தளர்கிறது. பார்க்கின்சனில் சைனியூக்ளின் திரள் நுனியிலும் இழையிலும் சேர்ந்து வழியை மறிக்கிறது. கைனெசின் அல்லது டைனீனோடு சேர்ந்து வேலை செய்யும் புரதங்களின் மரபணுவில் கோளாறு இருந்தால், வேறு எதுவும் இல்லாமலே சில குடும்பங்களில் இயக்க நரம்பு நோய் வருகிறது. சாலை கெட்டாலே செல் கெடும் என்பதற்கு இது நேரடிச் சான்று. அதனால்தான் அழிவு நுனியிலிருந்து தொடங்கி செல் உடலை நோக்கிப் பின்வாங்குகிறது. அப்பாவின் கை நடுங்கத் தொடங்கிய நாளில், அவருடைய டோபமைன் செல்களின் நுனிகள் செல் உடல்களைவிட மிக அதிகமாக அழிந்துபோயிருக்கும்.

ஆக்சான் பட்டினியால் வாடி மட்டும் அழிவதில்லை என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். 1850-ல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நரம்பை வெட்டி, வெட்டுக்கு அப்பால் உள்ள இழை சிதைவதை விவரித்தார். உணவு போகாததால் சிதைகிறது என்றே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நினைத்தார்கள். பிறகு ஒரு வகை எலி கிடைத்தது. அதன் நரம்பை வெட்டினாலும் அறுபட்ட துண்டு ஓரிரு நாளில் சிதையாமல் இரண்டு மூன்று வாரம் நன்றாகவே இருந்தது. 2012-ல் காரணம் இன்னும் தெளிவானது. ஆக்சானுக்குள்ளேயே சார்ம்-1 என்ற புரதம் இருக்கிறது. ஆபத்து என்று உணர்ந்ததும் அது இழையின் ஆற்றல் கச்சாப்பொருளான என்ஏடி என்ற மூலக்கூறைத் தீர்த்துவிட்டு இழையை அழிக்கிறது. அதாவது இழை தன்னைத்தானே முடித்துக்கொள்ள ஒரு சுவிட்சு வைத்திருக்கிறது. சுவிட்சு என்றால் தடுக்கவும் வழி இருக்கலாம். இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்தப் பகுதிதான்.

ஆற்றல் குறைந்தால் நரம்பு என்னவாகும் என்று ஆராய்ந்ததில் நம் குன்னூருக்கும் ஒரு பங்கு உண்டு. சிம்ஸ் பூங்கா அருகே இருக்கும் பாஸ்டர் நிலையத்தில் 1918-ல், ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசி தின்ற புறாக்களுக்குக் கால் விழுந்துபோகும், கழுத்து பின்னோக்கி வளைந்துவிடும். அந்த அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. பெரிபெரி என்பது வைட்டமின் பி1 குறைவு. அந்த வைட்டமின் இல்லாவிட்டால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சர்க்கரையை எரிக்கும் முக்கியமான இரண்டு நொதிகள் நின்றுவிடும். எந்த நரம்பு முதலில் விழுகிறது? பாதத்துக்குப் போகும் மிக நீண்ட நரம்பு. ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

நேரத்தோடு பி1 கொடுத்தால் அந்தப் புறா எழுந்து நிற்கும். செல் நோய்ப்பட்டிருந்தது, சாகவில்லை. மனிதர்களில் இதே குறைவு மூளையைத் தாக்கி, கவனிக்காமல் விட்டால், பிறகு எவ்வளவு பி1 கொடுத்தாலும் போன நினைவாற்றல் முழுதாகத் திரும்புவதில்லை. இதே வைட்டமின், இதே செல். இடையில் போன நாட்கள்தான் வித்தியாசம். பாட்டிக்கோ அப்பாவுக்கோ பி1 கொடுத்தால் சரியாகும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களின் நோயில் ஆற்றல் குறைவதற்கு வேறு காரணங்கள். ஆனால் குறைந்த பிறகு செல்லுக்குள் நடப்பதில் நிறைய ஒற்றுமை இருக்கிறது.

என்ன நடக்கிறது? நரம்பு செல் தன் ஆற்றலில் பெரும்பங்கைச் சோடியத்தை வெளியே இறைத்துத் தள்ளவே செலவழிக்கிறது. ஆற்றல் குறைந்தால் இறைப்பது தளரும், சவ்வின் மின்னழுத்தம் சரியும். குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து தட்டினால் திறக்கும் ஒரு வகைக் கதவு இருக்கிறது. சாதாரணமாக மெக்னீசியம் அதன் துளையில் அடைப்பாக உட்கார்ந்திருக்கும். மின்னழுத்தம் சரிந்தால் அந்த அடைப்பு கழன்றுவிடும். பிறகு சாதாரண அளவு குளுட்டமேட் வந்தாலே போதும், கால்சியம் உள்ளே கொட்டும். கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சி அடக்கப் பார்க்கும். அந்த முயற்சியில் அதுவே பழுதாகி, ஆக்சிஜனின் கெடுதலான வடிவங்களைக் கசியவிடும். அவை கொழுப்பையும் புரதத்தையும் டிஎன்ஏவையும் சேதப்படுத்தும். ஆற்றல் இன்னும் குறையும். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம் பாருங்கள். இது ஒரு வளையம். எங்கே தொட்டாலும் முழு வளையமும் சுழலும்.

இந்த வளையம் மற்ற கோளாறுகளோடும் கைகோத்துக்கொள்கிறது. அதிகமான கால்சியம் கால்பெயின் என்ற நொதியைத் தூண்டும். அது வெட்டிவிடும் ஒரு புரதத் துண்டு, டவ் புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியை முடுக்கிவிடும். பாஸ்பேட் ஏறிய டவ் நுண்குழலை விட்டுக் கழலும். ஆற்றல் பிரச்சினையாகத் தொடங்கியது போக்குவரத்துப் பிரச்சினையாக மாறியாயிற்று.

குளுட்டமேட் மிகுந்து செல்லைக் கொல்லும் என்று 1969-ல் ஜான் ஓல்னி சொன்னார். நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் கேசரிப் பருப்பு. வறட்சிக் காலத்தில் மத்திய இந்தியாவில் அதையே மாதக்கணக்கில் தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போனது. அந்தப் பருப்பில் குளுட்டமேட்டைப் போலவே வேடமிட்டுச் செல்லின் கதவைத் தட்டும் ஒரு அமினோ அமிலம் இருப்பதை 1964-ல் பிரித்துக் காட்டியவர்கள் இந்திய ஆய்வாளர்கள்தான். தோற்றத்தில் இயக்க நரம்பு நோய்போல் இருந்தாலும், பருப்பை நிறுத்தினால் அது மேலும் மேலும் வளர்வதில்லை. வெளியிலிருந்து வந்த நஞ்சு நின்றுவிட்டால் வளையமும் நிற்கிறது. அல்சைமரிலும் பார்க்கின்சனிலும் அப்படி நிற்பதில்லை, ஏனென்றால் அங்கே நஞ்சைச் செல்லே தயாரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நஞ்சு, மடிப்பு தவறிய புரதம்.

ஒவ்வொரு புரதமும் சரியான வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். தவறாக மடிந்ததை அகற்றச் செல்லிடம் இரண்டு வழி. சிறியதாக இருந்தால் யூபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டை ஒட்டி, புரோட்டியசோம் என்ற துண்டாக்கும் குழாய்க்குள் அனுப்பும். பெரிய திரளாக இருந்தால் ஒரு பைக்குள் அடைத்து, செல்லின் வயிறு போன்ற லைசோசோமுக்குக் கொண்டுபோய்ச் செரிக்கும். இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். முதல் வழியைக் கண்டவர்களுக்கு 2004-லும், இரண்டாவதைத் தெளிவாக்கிய யோஷினோரி ஓசூமிக்கு 2016-லும் நோபல் பரிசு கிடைத்தது. 1980-களின் கடைசியில் மூளைத் துண்டுகளைச் சாயமிட்டுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அல்சைமர் முறுக்கு, பார்க்கின்சன் உருண்டை, ஏ.எல்.எஸ். திரள் எல்லாவற்றிலும் யூபிக்விட்டின் சீட்டு ஒட்டியிருந்தது. "இதை அகற்று" என்று செல் எழுதி ஒட்டியிருக்கிறது, அகற்றத்தான் முடியவில்லை.

2006-ல் எலிகளில் செய்த ஒரு சோதனை எனக்கு மறக்காது. மூளையில் மட்டும் ஆட்டோஃபேஜி மரபணு ஒன்றை நீக்கினார்கள். எந்த நோய்ப் புரதத்தையும் சேர்க்கவில்லை. அந்த எலிகளுக்கும் நரம்பு செல்களில் திரள் சேர்ந்து, நடை கெட்டு, செல்கள் அழிந்தன. துப்புரவு நின்றதே போதுமானதாக இருந்தது. மற்ற செல்கள் பிரியும்போது குப்பையைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டு லேசாக்கிக்கொள்ளும். பிரியாத நரம்பு செல்லுக்கு அந்த வசதி இல்லை. அதோடு லைசோசோம்கள் பெரும்பாலும் செல் உடலுக்கு அருகில் இருப்பதால், நுனியில் சேர்ந்த குப்பை அதே சாலை வழியாகத்தான் மேலே வர வேண்டும். சாலை அடைபட்டால் துப்புரவும் நின்றது.

பார்க்கின்சனில் இது இன்னும் நேரடியாகத் தெரிகிறது. இளம் வயதிலேயே வரும் சில பார்க்கின்சன் குடும்பங்களில் பார்க்கின், பிங்க்-1 என்ற இரண்டு மரபணுக்கள் பழுதாக இருக்கும். இவற்றின் வேலை, கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் கண்டு அப்புறப்படுத்துவது. லைசோசோமின் ஒரு நொதிக்கான ஜிபிஏ மரபணுவில் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கும் பார்க்கின்சன் வாய்ப்பு கூடுகிறது. ஆற்றல், துப்புரவு, புரதத் திரள் மூன்றும் ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன.

அப்புறம், மடிப்பு தவறிய புரதம் ஒரு செல்லோடு நிற்பதில்லை. அது பக்கத்துச் செல்லுக்குள் போய், அங்கே ஒழுங்காக இருக்கும் புரதத்தையும் தன் வடிவத்துக்கு இழுக்கும். பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குப் பல வருடத்துக்கு முன் கருவிலிருந்து எடுத்த இளம் நரம்பு செல்களை மூளையில் வைத்திருந்தார்கள். அவர்கள் இறந்தபின் 2008-ல் வெளிவந்த ஆய்வுகளில், அந்த இளம் செல்களுக்குள்ளும் சைனியூக்ளின் உருண்டைகள் இருந்தன. பயப்பட வேண்டாம், நோயாளியைத் தொடுவதாலோ, ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, பணிவிடை செய்வதாலோ இது ஒட்டாது. பரவுவது அதே மூளைக்குள், நரம்பு இணைப்புகள் வழியாக.

நரம்பு செல்லைச் சுற்றி இருக்கும் செல்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மைக்ரோகிளியா என்பவை மூளையின் காவலும் துப்புரவும் பார்க்கும் செல்கள். திரளைக் கண்டால் விழுங்க வரும். நீண்ட நாள் விழித்தே இருந்தால் அழற்சி ரசாயனங்களை விட்டுக்கொண்டே இருக்கும், நல்ல நரம்புச் சந்திப்புகளையும் கத்தரித்துவிடும். இவற்றில் இருக்கும் டிரெம்-2 மரபணுவில் ஒரு அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஏ.எல்.எஸ். எலிகளில், நரம்பு செல்லை விட்டுவிட்டு மைக்ரோகிளியாவில் மட்டும் கெட்ட மரபணுவை நீக்கினாலே நோய் மெதுவாகிறது. நரம்பு செல் தனியாகச் சாவதில்லை.

கடைசியில் செல் சாகும் கணம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்: அபோப்டோசிஸ், நெக்ரோப்டோசிஸ், ஃபெரோப்டோசிஸ் என்று சாகும் விதங்களுக்குப் பல பெயர். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்தக் கட்டத்துக்கு வந்த செல் ஏற்கெனவே தன் தொடர்புகளை இழந்துவிட்டது. அதைச் சாகாமல் நிறுத்தினாலும் கை அசையாது, நினைவு வராது.

சரி, வழிகள் பொதுவாக இருந்தால் ஏன் பாட்டிக்கு நினைவு போனது, அப்பாவுக்கு நடை போனது? ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அப்பாவின் டோபமைன் செல் இரவும் பகலும் தானாகத் துடித்துக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே வரும். அதன் இழை கிளைத்துக் கிளைத்து, ஒரே செல் லட்சக்கணக்கான சந்திப்புகளைப் பேண வேண்டும். டோபமைனே ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுதலாக மாறக்கூடியது. எப்போதும் வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கும் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் போதும், கடன் வந்துவிடும். அந்தச் செல்லின் நிலை அதுதான். ஏ.எல்.எஸ். நோயில் கைகால் போனாலும் கண்ணை அசைக்கும் செல்கள் பெரும்பாலும் கடைசிவரை தப்பிக்கின்றன. அவற்றின் இழை குட்டை, கால்சியத்தைத் தாங்கும் திறனும் அதிகம்.

இனி மருந்து அடித்தது பற்றி. 1982-ல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் ஒரு கள்ள போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டு, சில நாட்களில் முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளிபோல் உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற பொருள்தான் காரணம் என்று வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். உடம்புக்குள் போனபின் அது மாறும் வடிவம், டோபமைன் செல்லுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாராகும் சங்கிலியின் முதல் படியையே அடைத்துவிடுகிறது. அந்த வடிவத்தின் கட்டமைப்பு பாராகுவாட் என்ற களைக்கொல்லியை ஒத்திருந்தது. அப்போதுதான் எல்லோரும் வயல்வெளியைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியும் அதே முதல் படியை அடைக்கிறது. பாராகுவாட் வேறு வழியில், ஆக்சிஜனின் கெடுதலான வடிவங்களை ஓயாமல் உண்டாக்குகிறது. மருந்து அடிக்கும் அமெரிக்க விவசாயத் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் ஆராய்ந்து 2011-ல் வெளிவந்த முடிவில், இவற்றைப் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது.

பாராகுவாட் தேயிலையில் களைக்குப் பல காலம் அடிக்கப்பட்டது. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. வயது, மரபு, நஞ்சு மூன்றும் அதே வளையத்தை வேறு வேறு இடத்தில் தள்ளுகின்றன. அப்பா எந்தெந்த மருந்தை, எத்தனை வருடம், எப்படி அடித்தார் என்பதை எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அவருடைய பதிவில் அது இருக்க வேண்டும்.

ஏன் ஒரே மருந்து இல்லை என்பதற்கும் வளையம்தான் பதில். ஒரு கண்ணியை மட்டும் பிடித்தால் மற்றவை சுழல்கின்றன. வைட்டமின் ஈ பார்க்கின்சனை மெதுவாக்கவில்லை. கோஎன்சைம் க்யூ-10 சோதனையிலும் 2014-ல் பலன் இல்லை என்றாயிற்று. கால்சியக் கதவை அடைக்கும் இஸ்ராடிபின் மாத்திரையைப் பார்க்கின்சனின் தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கே மூன்று வருடம் கொடுத்தும் 2020-ல் அதே முடிவுதான் வந்தது. இவற்றில் பல எலியில் வேலை செய்தவை. எலிக்கு நஞ்சு கொடுப்பதற்கு முன்போ கூடவோ மருந்து கொடுக்கலாம். மனிதருக்கு அறிகுறி தெரிந்து மருத்துவமனைக்கு வரும்போது நுனிகளில் பாதிக்கு மேல் போயிருக்கும். மூலைக்கு மூலை ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று விற்கும் டானிக்குகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

வேலை செய்தவையும் உண்டு, கொஞ்சம்தான். குளுட்டமேட்டைக் குறைக்கும் ரிலுசோல் ஏ.எல்.எஸ். நோயாளிகளின் ஆயுளைச் சில மாதம் நீட்டுகிறது. மெமான்டின் அல்சைமரின் பின்கட்டத்தில் ஓரளவு உதவுகிறது. அமைலாய்டை அகற்றும் லெகானெமாப் 18 மாதத்தில் அல்சைமர் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரும் ஆபத்தோடு. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபர்சன், எஸ்ஓடி-1 மரபணுக் கோளாறால் வரும் ஏ.எல்.எஸ்.-க்கு மட்டுமானது, கெட்ட புரதம் தயாராவதையே அது குறைக்கிறது. அதன் அனுமதிக்கு அடிப்படையாக இருந்தது ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் குறைந்தது. ஆக்சான் சிதையும்போது வெளியே கசியும் புரதம் அது, எந்த நோயாக இருந்தாலும். அறிகுறிக்கு முன்பே இழை அழிவதை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடிகிறது என்பது பெரிய விஷயம். அல்சைமரில் அமைலாய்டு சேர்வது மறதிக்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே தொடங்குகிறது. பார்க்கின்சனில் மோப்பம் குறைவதும் மலச்சிக்கலும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகாலை வீசுவதும் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வரும். அந்தக் காலத்துக்குள் நுழைவதுதான் இனி ஆராய்ச்சியின் வேலை.

அப்பா இப்போது சாப்பிடும் லெவோடோபா செல்லைக் காப்பாற்றும் மருந்து அல்ல. குறைந்துபோன டோபமைனுக்கு ஈடு கொடுக்கிறது. அதனால் அது சாதாரணமானது என்று நினைக்க வேண்டாம். அவர் நடப்பது அதனால்தான். பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவை 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தார்கள். அதற்காக நாட்டு மருந்துக் கடைப் பூனைக்காலிப் பொடியை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அதே மருந்து இரட்டிப்பாகப் போகும், அளவும் தெரியாது. புரதம் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரை போட்டால் குடலில் இரண்டும் போட்டி போடும். எவ்வளவு நேரம் முன்னால் போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் நடக்கவிடுங்கள், மேட்டில் அல்ல, விழாத இடத்தில்.

உங்களுக்கு வருமா? பார்க்கின்சனில் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகலாம். ஆனால் அறுபது கடந்தவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு வரும் நோயில் இரண்டு மூன்று மடங்கு என்பது இன்னும் சிறிய எண்தான். பாட்டிக்கு முதுமையில் வந்த அல்சைமரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாம், கட்டாயம் வரும் என்று ஆக்காது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, புகை, உடலுழைப்பின்மை போன்ற பதினான்கு காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோய்களில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு கணித்தது.

எனக்குக் கவலை உங்களைவிட உங்கள் அண்ணனைப் பற்றித்தான். அதே அமெரிக்கத் தொழிலாளர்களை மறுபடி ஆராய்ந்தபோது, பாராகுவாட்டோடு பார்க்கின்சனுக்கு இருந்த தொடர்பு கையுறை போடாதவர்களிடம்தான் தெரிந்தது. மருந்து கலக்கும்போதும் அடிக்கும்போதும் ரப்பர் கையுறை, பூட்ஸ், முழுக்கைச் சட்டை, முகமூடி. ஒழுகும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டக் கூடாது. காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது. வேலை முடிந்ததும், வெற்றிலையோ டீயோ எதுவும் வாயில் வைப்பதற்கு முன், சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். தோட்டத்தில் கையுறை கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்; கிடைக்கும்வரை நீங்களே ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.